சூடிக் கொடுத்தவளைத் தெலுங்கில் பாடிய வேந்தர்

ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றிய காவியங்களுள் பெரியது ஒன்று தமிழில் இல்லை, தெலுங்கில் இருக்கிறது. அதனை இயற்றியவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு பிறந்தவரும் அல்லர். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரைப் போர்வீரராகவும், கோபுரங்கள் எழுப்பியவராகவும், தெனாலிராமன் கதைகளில் வரும் பொறுமைசாலி மன்னராகவும் நாம் அறிவோம். நம் ஊரின் நந்தவனத்தையும் வாய்க்காலையும் வயலையும் ஆறு ஆசுவாசங்களில் பாடிய புலவராக அவரை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. நூலின் பெயர் ஆமுக்தமால்யத. விஷ்ணுசித்தீயம் என்றும் வழங்குவதுண்டு. ஆமுக்த என்பது அணிந்துகொண்ட என்றும், மால்ய என்பது மாலை என்றும், த என்னும் ஈறு தந்தவள் என்றும் பொருள்படும். சேர்த்துப் படித்தால் நம் வீட்டுக் குழந்தையும் சொல்லும் சூடிக் கொடுத்தவள் என்ற பெயரே அது. தமிழ்ப் பெயரை வடமொழியாக்கித் தெலுங்குக் காவியத்துக்குச் சூட்டினார் துளுவ குலத்தில் தோன்றிய ஓர் அரசர். இந்த ஒரு பெயருக்குள்ளேயே அவருடைய வாழ்க்கையின் பாதி அடங்கியிருக்கிறது.

இராயரின் தந்தை துளுவ நரச நாயகர், தாய் நாகலாதேவி. குலப்பெயரே துளு நாட்டைச் சுட்டுகிறது. தலைநகரம் துங்கபத்திரைக் கரையில், கன்னடம் வழங்கும் மண்ணில் இருந்தது. நரச நாயகர் சாளுவ மரபின் கடைசி அரசர்களுக்குப் படைத்தலைவராகத் தொடங்கி ஆட்சிப் பொறுப்பு முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவந்தவர். அவருக்குப்பின் மூத்த மகன் வீரநரசிம்மர் அரியணையையே கைப்பற்றினார். அவர் நோயில் விழுந்து உயிர் பிரியும் தறுவாயில் தம் இளஞ்சிறு மகனுக்கு அரசு கிடைக்க வேண்டும் என்று விரும்பினாராம். அதற்குத் தடையாக இருக்கக்கூடிய தம்பி கிருஷ்ணதேவரின் கண்களைப் பறித்துவருமாறு அமைச்சர் சாளுவ திம்மரசருக்கு ஆணையிட்டாராம். திம்மரசர் இளவரசரை மறைவிடத்தில் வைத்துவிட்டு ஓர் ஆட்டின் கண்களைக் கொண்டுவந்து காட்டினார் என்பது வரலாறு. இராயர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின் எழுதிய போர்த்துகீசிய வணிகர் பெர்னாவோ நூனிஸ் இதனைக் குறித்துள்ளார். நகரத்தில் உலவிய கதையையே அவர் கேட்டு எழுதியிருக்கக்கூடும். ஆயினும் இந்தக் கண்களின் கதையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இராயரின் இறுதி ஆண்டுகளில் அது வேறு வடிவில் திரும்பி வருகிறது.

1509-இல் இராயர் ஆட்சிக்கு வந்தார். அவரை நேரிற் கண்டு எழுதிய தொமிங்கோ பயசு என்னும் மற்றொரு போர்த்துகீசியர் நடுத்தர உயரமும் சிவந்த மேனியும் சற்றே பருத்த உடலும் முகத்தில் அம்மைத் தழும்பும் உடையவராக அவரைக் காட்டுகிறார். விடியற்காலத்துக்கு முன் எழுந்து நல்லெண்ணெய் குடிப்பார். உடலெங்கும் எண்ணெய் பூசிக்கொள்வார். கனத்த எடைகளைத் தூக்கியும் வாள் சுழற்றியும் பருகிய எண்ணெய் வியர்வையாக வெளியேறும்வரை உழைப்பார். பின்னர் மல்லரோடு பொருதுவார். பொழுது புலரும்வரை குதிரையேறிச் சமவெளியில் ஓடுவார். அவையில் கவிபாடும் மன்னர் என்றவுடன் பட்டுத்திண்டில் சாய்ந்த உருவத்தை மனத்தில் வரைந்துகொள்ளும் நமக்கு இந்தக் குறிப்பு நல்ல மருந்து.

போர்களின் கதையை விரித்துரைக்க இங்கு இடமில்லை, வேண்டியதும் இல்லை. உம்மத்தூர்த் தலைவரை அடக்கிய பின் கிழக்கே கஜபதிகளின்மேல் படை சென்றது. உதயகிரி மலைக்கோட்டை முற்றுகை 1513-இல் தொடங்கி மறு ஆண்டுவரை நீடித்தது. அங்கிருந்து கொணர்ந்த பாலகிருஷ்ணர் திருமேனிக்கு அம்பியில் தனிக் கோயிலே எழுந்தது. அத்திருமேனி இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1515-இல் கொண்டவீடு வீழ்ந்தது. அதன் பின் கலிங்கத்தை நோக்கிச் சென்ற வழியில் நமக்கு வேண்டிய செய்தி நிகழ்ந்தது.

படை கிருஷ்ணை ஆற்றங்கரையில் பெசவாடைப் பகுதியில் சில நாள் தங்கியிருந்தது. அருகில் ஸ்ரீகாகுளம் என்னும் சிற்றூர் உண்டு. வடக்கே அதே பெயரில் உள்ள மாவட்டத் தலைநகரோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அவ்வூரில் ஆந்திர விஷ்ணு என்று பெயர்பெற்ற திருமால் எழுந்தருளியிருக்கிறார். இராயர் அங்கே சென்று வணங்கி ஏகாதசி நோன்பிருந்தார். அன்று இரவின் இறுதிச் சாமத்தில் பெருமாள் கனவில் தோன்றியதாக நூலின் தொடக்கத்தில் இராயரே கூறுகிறார். வடமொழியில் பல நூல்கள் செய்த நீ தெலுங்கில் ஒன்று செய்யக்கூடாதா என்று பெருமாள் கேட்டாராம். கோதையை அரங்கத்தில் தாம் மணந்த கதையைப் பாடுமாறும், பாடியதைத் திருவேங்கடமுடையானுக்குக் காணிக்கையாக்குமாறும் பணித்தாராம்.

இக்கனவில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. பெருமாள் தம்மைத் தெலுங்கு அரசர் என்று சொல்லிக்கொள்கிறார்; எதிரே இருப்பவரைக் கன்னட அரசரே என்று விளிக்கிறார். ஆக, தாம் தெலுங்குக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதை இராயர் மறைக்கவில்லை. தெலுங்கில் ஏன் எழுத வேண்டும் என்பதற்குப் பெருமாளின் வாயாலேயே காரணமும் சொல்கிறார்: நாடு தெலுங்கு நாடு, உன்னைப் பணியவரும் சிற்றரசர் பலரோடும் பேசிப் பழகிய நீயே அறிவாய், தேசமொழிகளுள் தெலுங்கு சிறந்தது என்பது அதன் கருத்து. தெலுங்கர்கள் இதனைத் தம் மொழியின் மகுடமாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், ஆனால் அதனை மொழிப் புகழ்ச்சியாக மட்டும் படிப்பது போதாது என்பது என் கருத்து. அப்போதுதான் கைக்கு வந்த கிழக்குக் கரையில், வென்ற மக்களின் தெய்வத்தின் முன் நின்று, அம்மக்களின் மொழியில் எழுதுமாறு அத்தெய்வமே கேட்டது என்று ஓர் அரசர் சொல்வதில் பக்தியும் இருக்கிறது; அரசியலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட முயல்வோர் இராயரை அறிந்தவர் அல்லர்.

அவருடைய அரசில் மொழிகள் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை. 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்குச் சென்று அவர் அளித்த கொடைகள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. சோழமண்டலத்துக் கோயில்கள் செலுத்திவந்த வரியில் 10,000 வராகன் 1517-இல் தள்ளுபடியான செய்தியும், திருவண்ணாமலையின் பெருங்கோபுரமும் ஆயிரக்கால் மண்டபமும் தமிழ்நாடு அவரிடம் பெற்றவை. அவையில் அல்லசானி பெத்தனர் மனுசரித்திரத்தையும் நந்தி திம்மனர் பாரிஜாதாபகரணத்தையும் தெலுங்கில் பாடினர். குமாரவியாசர் நிறைவு செய்யாது விட்ட கன்னட பாரதத்தைத் திம்மண்ண கவி முடித்தார். தமிழில் அரிதாசர் இருசமய விளக்கம் செய்தார். இராயரே வடமொழியில் ஜாம்பவதி கல்யாணம் என்னும் நாடகம் எழுதினார். அட்டதிக்கசங்கள் என்னும் எண்மர் பட்டியல் பிற்கால மரபு. எண்மரும் ஒரே காலத்தவர் அல்லர். எனினும் பெத்தனரின் காலில் இராயர் தம் கையால் வீரகண்டை பூட்டினார், பல்லக்கைத் தம் தோளில் சுமந்தார் என்ற செவிவழிக் கதைகள் மக்கள் அவரை எப்படி நினைவில் வைத்திருக்க விரும்பினார்கள் என்பதைக் காட்டுகின்றன.

ஒரு மொழிக்கு அரசவை வாய்ப்பதும் வாய்க்காததும் எத்தனை பெரிய வேறுபாடு என்பதை அறிய நெடுந்தொலைவு செல்லலாம். இராயர் காவியம் புனைந்த அதே 1520-களில், ஆப்பிரிக்காவின் கிழக்கே எத்தியோப்பியத் தென்பகுதியிலிருந்து ஒரோமோ என்னும் மக்கள் வடக்கு நோக்கிப் பரவத் தொடங்கினர். எட்டு ஆண்டுக்கு ஒருமுறை தலைமை கைமாறும் கதா என்னும் முறையில் தம்மைத்தாமே ஆண்டுகொண்டவர்கள் அவர்கள். இன்று மூன்று கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழி அவர்களுடையது. ஆனால் பேரரசின் மொழியாக அம்காரியமே அமர்ந்தது. ஒரோமோ வீட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் தங்கிவிட்டது. சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, மீட்கப்பட்டு, சுவீடன் நாட்டுச் சமயப் பணியாளரிடம் கல்வி பெற்ற ஓனேசிமோசு நெசிபு என்பவர், ஆசுடர் கன்னோ என்னும் பெண்மணியின் துணையோடு விவிலியம் முழுவதையும் அம்மொழியில் பெயர்த்தார். 1899-இல் அது சுவிட்சர்லாந்தில் அச்சேறியது. ஆசுடர் கன்னோ நாட்டுப்பாடல்களையும் கதைகளையும் திரட்டினார். அதன் பிறகும் பேரரசர் ஹைலி செலாசி காலத்தில் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒரோமோவுக்கு இடமில்லை. 1991-க்குப் பிறகே குபே என்ற பெயரில் இலத்தீன் எழுத்தை ஏற்று அது பள்ளிக்கூடம் நுழைந்தது. பேசுவோர் எண்ணிக்கையால் மட்டும் ஒரு மொழி அரியணை ஏறிவிடுவதில்லை. தெலுங்கு இராயரின் அவையில் பெற்ற பேறு எத்தகையது என்பது இந்த ஒப்பீட்டால் விளங்கும். அந்தப் பேற்றைப் பெற்ற தெலுங்கே நம் ஊர்ப் பக்கத்தில் ஒரோமோவின் பழைய நிலையை ஒத்து நிற்கிறது என்பதைப் பின்னால் சொல்வேன்.

காவியத்துக்கு வருவோம். கதை முழுவதும் தமிழ் மண்ணிலேயே நடக்கிறது. வில்லிபுத்தூரில் தொடங்குகிறது, மதுரைக்குப் போகிறது, நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியை எட்டிப் பார்க்கிறது, திருவரங்கத்தில் முடிகிறது. குருபரம்பரை நூல்களின் வழியே வைணவ உலகம் எங்கும் பரவியிருந்த பெரியாழ்வார் வரலாற்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் கிளைக்கதையை நுழைத்து, இராயர் அதனை ஆலமரமாக்கிவிட்டார். ஆண்டாளின் கதை ஐந்தாம் ஆசுவாசத்தில்தான் உருக்கொள்கிறது என்று குறை சொல்வார் உண்டு. குறைதான். ஆண்டாளைத் தேடி நூலைத் திறப்பவர் முதலில் காண்பது ஓர் ஊரையும் அதன் பருவங்களையுமே.

அந்த ஊரை இராயர் எப்படிக் காண்கிறார்? அரண்மனை மாடத்திலிருந்து அன்று; வரப்பின்மேல் நின்று காண்கிறார். விடியற்பொழுது. வாய்க்காலில் வாத்துகள் கழுத்தை இறகுக்குள் புதைத்து உறங்குகின்றன. குளித்துப் போன அந்தணர் பிழிந்து வைத்து மறந்துவிட்ட ஈரத் துணிகள் என்று அவற்றை நினைத்த காவலர், உரியவரிடம் சேர்க்க எண்ணி நீரில் இறங்கிக் கைநீட்டுகிறார்கள். வாத்துகள் படபடத்துப் பறக்கின்றன. நெல்வயலைக் காக்கும் பெண்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். இவ்வளவே காட்சி. இதில் அந்தணரின் மறதி இருக்கிறது, காவலரின் நேர்மை இருக்கிறது, வாத்தின் உறக்கம் இருக்கிறது, உழைக்கும் பெண்களின் சிரிப்பு இருக்கிறது. ஊரின் அறம் என்று தனியே ஒரு சொல்லும் சொல்லாமல் அறம் சொல்லப்பட்டுவிட்டது. திருமுக்குளத்துக் கரையில் நடக்கும்போதெல்லாம் இக்காட்சி என் நினைவுக்கு வருவதுண்டு.

கார்காலத்தைப் பாடும் பகுதி இதனினும் செறிவானது. மழையில் நனைந்த விறகு பற்றாமல் புகையோடு போராடும் இல்லத்தரசியரை அங்குக் காணலாம். வயலிலிருந்து திரும்பிய உழவர் தும்பையும் தகரைக் கொழுந்தும் புளியந்தளிரும் சேர்த்து வதக்கிய கீரையை உண்டு, கன்றுகள் அருகே நிற்கக் கணப்பில் குளிர் காய்வதைக் காணலாம். தங்கத்தட்டில் உண்ட அரசருக்குத் தகரைக் கொழுந்தின் சுவை எப்படித் தெரிந்தது? படையெடுப்பில் பாதி வாழ்நாளைக் கழித்தவர் உழவர் குடிசைகளின் அருகே பாசறை இறங்கியிருப்பார். கண்ணைத் திறந்து வைத்திருந்தார் என்பதே விடை. பெரியாழ்வார் இல்லத்தின் விருந்தோம்பலைச் சொல்லும்போதும் பருவத்துக்கு ஏற்ற உணவுகள் வரிசையாக வருகின்றன. நந்தவனம் பேணி, மாலை கட்டி, அடியாருக்குச் சோறிடுவதையே தம் கல்வியாகக் கொண்ட எளியவராக விஷ்ணுசித்தரை இராயர் படைக்கிறார். அத்தகையவரைப் பாண்டியன் அவைக்கு வாதம் புரியப் போகுமாறு பெருமாள் பணிக்கும்போது அவர் நடுங்குவது மிக இயல்பாக அமைந்துள்ளது.

ஆறாம் ஆசுவாசத்தின் மாலதாசரி கதை நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அடியவர் ஒருவர் நாள்தோறும் இருள் பிரியுமுன் குறுங்குடிக் கோயிலின் வாயிலுக்குப் போய்ப் பாடித் திரும்புவார். வழியில் ஒரு பிரமராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டு வந்து உனக்கு இரையாகிறேன் என்று சொல்லிச் சென்றவர், சொன்னபடியே திரும்பி வருகிறார். நம்பாடுவான் என்ற பெயரில் திருக்குறுங்குடிக் கோயிலில் கைசிக ஏகாதசி இரவில் நாடகமாக நடிக்கப்படும் கதை இது. முற்பிறப்பில் அந்தணனாயிருந்த அரக்கன் அந்தப் பாடலின் பயனில் ஒரு பங்கைக் கேட்டுக் கால்களில் விழும் இடத்தை இராயர் அழுத்தமாகவே எழுதியிருக்கிறார். பேரரசர் ஒருவர், தம் காவியத்தின் இறுதி ஆசுவாசத்தில், கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டியவரை உள்ளே நிற்பவர் அனைவருக்கும் மேலாக வைத்தார்.

நான்காம் ஆசுவாசத்தில் யாமுனாசாரியர் தம் மகனுக்கு அரசநீதி சொல்வதாக ஒரு நீண்ட பகுதி. அது இராயரின் நாட்குறிப்பு என்றே சொல்லலாம். துறைமுகங்களைப் பேணுக, அயல்நாட்டிலிருந்து குதிரையும் யானையும் கொணரும் வணிகருக்கு ஆதரவு தருக, கப்பல் உடைந்து கரையேறும் அயலாரை அவரவர் வழக்கமறிந்து காக்க, ஏரியும் கால்வாயும் வெட்டி எளிய உழவனிடம் குறைவாக வரி கொள்க, காட்டில் வாழும் குடிகளை வஞ்சனையின்றி நம்பவைத்து நண்பராக்குக என்றெல்லாம் வருகிறது. கவிதையாக இப்பகுதி சற்று வறட்சியே. ஆயினும் 1520-இல் இராய்ச்சூரில் பெருவெற்றி கண்டவரின் பட்டறிவு அதில் பேசுகிறது.

நூலை இராயர் எழுதவில்லை, பெத்தனர் எழுதிக் கொடுத்தார் என்று ஐயுற்றவர்களும் உண்டு. இரண்டு நூல்களின் நடையையும் அறிந்தோர் இதனை ஏற்பதில்லை. பெத்தனரின் தெலுங்கு எண்ணெய் வழிவதுபோல் ஓடும். ஆமுக்தமால்யதத்தின் தெலுங்கு முடிச்சு முடிச்சாக நிற்கும். நீண்ட வடமொழித் தொடருக்குப் பக்கத்திலேயே பட்டிக்காட்டுச் சொல் ஒன்று முளைத்திருக்கும். கற்றுக்கொண்ட மொழியில் எழுதுபவனுக்குச் சொற்களின்மேல் ஒரு தனிப்பேராசை உண்டு. பிறப்பிலேயே மொழியைப் பெற்றவர் கவனியாது விடும் சொல்லை அவன் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வான். இந்த முடிச்சுகளை அவிழ்த்துச் சென்னையில் வாழ்ந்த வேதம் வேங்கடராய சாஸ்திரியார் விரிவுரை கண்டார். உரையில்லாமல் நூலுக்குள் நுழைவது தெலுங்குப் புலவர்க்கே அரிது.

இராயரின் இறுதிக் காலம் துயரமானது. தாம் உயிருடன் இருக்கையிலேயே மகன் அரசனாக வேண்டும் என்று விரும்பி, ஆறு வயதே ஆன திருமலை தேவனுக்கு முடிசூட்டினார். குழந்தை நோயுற்று இறந்தது. திம்மரசரின் மகன் நஞ்சிட்டான் என்று பேச்சு எழுந்தது. தமக்கு அரசு தேடித் தந்தவரும், தாம் தந்தையெனப் போற்றியவருமான திம்மரசரையும் அவர் மக்களையும் இராயர் சிறையிட்டுக் கண்களைப் பறிக்கச் செய்தார் என்று நூனிஸ் எழுதுகிறார். ஆட்டின் கண்களைக் காட்டி இராயரின் கண்களைக் காத்தவர், தம் கண்களை இராயரிடம் இழந்தார். குற்றம் மெய்தானா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடியவரின் சொல்லுறுதியைப் பாடிய அதே கை இவ்வாணையையும் இட்டது. அவரைப் போற்றி எழுதும் வரலாறுகள் பல இவ்விடத்தை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. கடப்பது முறையன்று.

1529-இல் இராயர் மறைந்தார். அவருடைய இறப்பைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்து ஹொன்னேனஹள்ளியில் கோயில் ஒன்றில் இருப்பது 2022-இல் அறிவிக்கப்பட்டது. 1529 அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை என்று அது நாளைத் தருகிறது. அக்கல்வெட்டின் மொழி கன்னடம். துளுவராகப் பிறந்து, வடமொழியில் நாடகம் எழுதி, தமிழ்க் கதையைத் தெலுங்கில் பாடியவரின் மரணம் கன்னடத்தில் பதிவாகியிருக்கிறது. அவர் முடிசூடிய ஐந்நூறாம் ஆண்டை 2010-இல் கர்நாடகமும் ஆந்திரமும் தனித்தனியே கொண்டாடின. நாம் கொண்டாடவில்லை.

கொண்டாட நமக்குக் காரணம் இருந்தது. இராயரின் ஆட்சி முடியும் தறுவாயில் விசுவநாத நாயக்கர் மதுரைக்கு வந்தார். அவரோடும் அவர் மரபினரோடும் தெலுங்கு பேசும் குடிகள் வைகைக்குத் தெற்கே கரிசலிலும் மலையடிவாரத்திலும் பரவின. வில்லிபுத்தூரில் திருமலை நாயக்கரின் அரண்மனை இன்றும் நிற்கிறது. இராஜபாளையத்து ராஜுக்களும், சுற்றியுள்ள ஊர்களின் கம்மவார், கம்பளத்தார் முதலியோரும் தலைமுறை தலைமுறையாக வீட்டில் தெலுங்கையே பேசிவருகின்றனர். ஆனால் அது எழுத்தில்லாத தெலுங்கு. பேசுவோருள் பெரும்பாலோர் கடிதமும் கணக்கும் தமிழில் எழுதினர். கவிதையும் தமிழிலேயே எழுதினர். அடுக்களையிலும் திருமண வீட்டிலும் ஒரு மொழி. கடைத்தெருவிலும் பள்ளியிலும் மேடையிலும் ஒரு மொழி. இதனை யாரும் யார்மேலும் திணிக்கவில்லை. அவரவர் தெரிந்தே வகுத்துக்கொண்ட பங்கீடு அது.

இப்பங்கீட்டின் நன்மையை நம் மண் கண்டிருக்கிறது. இராஜபாளையத்தில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். ஆந்திரத்தைத் தனியே பிரிப்பது பற்றி ஆராய 1949-இல் அமைந்த குழுவுக்கு அவரே தலைவர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசிய ஒருவர், இரு மொழியாரின் சொத்தையும் பங்கிடும் மேசையின் தலைமாட்டில் அமர்ந்தார். இடைசெவலில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976-இல் கோபல்ல கிராமத்தைத் தமிழில் தந்தார். தெற்கு நோக்கிய அந்த இடப்பெயர்ச்சியின் நினைவு தமிழ் நாவலாயிற்று. இராயர் செய்ததன் மறுதலை இது. அவர் தமிழ்க் கதையைத் தெலுங்குக்குக் கொண்டுபோனார். இவர் தெலுங்கர் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

இழப்பும் உண்டு. வில்லிபுத்தூர்க்காரருக்கு ஆமுக்தமால்யதம் தம் ஊரின் நூல்; ஆனால் மொழி தெரியாது. இராஜபாளையத்துத் தெலுங்கருக்கு மொழி தெரியும், எழுத்து தெரியாது. இரண்டு ஊருக்கும் இடையே உள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்த் தொலைவில் அக்காவியம் ஐந்நூறு ஆண்டாகத் திறவாமல் கிடக்கிறது. அண்மைக்காலத்தில் வீட்டுத் தெலுங்கும் மெலிந்துவருகிறது. பாட்டி தெலுங்கில் கேட்கப் பேரன் தமிழில் விடை சொல்லும் வீடுகள் பெருகிவிட்டன. அகராதியைப் புரட்டிப் புலவர்கள் பொருள் தேடும் கீரைப்பெயர்களுள் சில, இவ்வூர்ப் பாட்டிமார் வாயில் இன்னும் வழங்கக்கூடும். இன்னும் ஒரு தலைமுறை கழித்துக் கேட்டால் சொல்ல ஆளிராது.

நம் வட்டத்தில் இரு ஊரினரும் இருக்கிறோம். தெலுங்கு எழுத்தறிந்த ஒருவர் முதல் ஆசுவாசத்தை நிறுத்தி நிறுத்திப் படிக்க, இராஜபாளையத்து முதியோர் சிலர் கேட்டுத் தாம் அறிந்த சொற்களுக்குப் பொருள் சொல்ல, வில்லிபுத்தூர் அன்பர்கள் அதனைத் தமிழில் எழுதிக்கொள்ளும் ஓர் அமர்வை மாதம் ஒருமுறை நடத்தலாம். வாத்துகளின் பாட்டிலிருந்து தொடங்கலாம். உரைநூல் ஒன்றைத் தேடிப் பெறும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.